பார்சல் உணவின் டப்பாக் கழிவு: தடை எட்டியதும் எட்டாததும்

நெகிழித் தட்டு, கோப்பை, கரண்டி, முட்கரண்டி, கத்தி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. இருப்பினும், உணவகங்களிலிருந்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் பொட்டலங்களில் நெகிழி குறைந்தபாடில்லை. சட்டம் பெயர் சொல்லித் தடுத்த பொருள்களின் பட்டியலில், பார்சல் உணவுக்கு மிகுதியாகப் பயன்படும் மூடியிட்ட டப்பா இடம்பெறவில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

இருவருக்கான ஒரு பிரியாணி ஆர்டரை எடுத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். பிரியாணிக்கு ஒன்றோ இரண்டோ கறுப்பு நிற டப்பாக்கள், அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் மூடிகள், தயிர்ப் பச்சடிக்கும் குழம்புக்கும் தனித்தனிச் சிறு கிண்ணங்கள், வெங்காயத்துக்கு ஓர் உறை, கசிவைத் தடுக்க டப்பாவைச் சுற்றிய மெல்லிய படலம், கேட்காமலே வைக்கப்படும் கரண்டிகள், தக்காளிச் சாறு அடைத்த சாஷே, காகிதக் கைத்துடைப்பான், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பை, அதன் வாயில் ஒட்டிய முத்திரை நாடா என்று ஒரே வேளை உணவுக்குப் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் சேர்ந்துவிடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் பயன்பாட்டுக் காலம், அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வரும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இட்லி, தோசை போன்ற சிற்றுண்டி என்றால் டப்பாக்கள் குறையும். ஆனால் சாம்பாரும் இரண்டு மூன்று வகைச் சட்னிகளும் தனித்தனி மெல்லிய உறைகளில் முடிச்சிடப்பட்டு வரும். குப்பையில் எளிதில் பிரித்தெடுக்க முடியாதவை இந்த உறைகளே.

சட்டம் சொல்வது என்ன?

நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச் 18-இல் வெளியிடப்பட்டன. இவ்விதிகளில் 2021 ஆகஸ்ட் 12-இல் செய்யப்பட்ட திருத்தமே தற்போதைய தடைக்கு அடிப்படை. ஒரு நோக்கத்துக்காக ஒரே ஒரு முறை பயன்படுத்திய பின் அகற்றப்படும் அல்லது மறுசுழற்சிக்கு அனுப்பப்படும் நெகிழிப் பொருளை ‘ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி’ என்று அத்திருத்தம் வரையறுத்தது. இந்த வரையறைக்குள் கறுப்பு டப்பாவும் அடங்கும். ஆனால் தடை, வரையறைக்குள் வரும் அனைத்தின் மீதும் விதிக்கப்படவில்லை. தனியே அடையாளம் காணப்பட்ட பொருள்களின் மீது மட்டுமே விதிக்கப்பட்டது. உணவுத் துறையைப் பொறுத்தவரை தட்டு, கோப்பை, குவளை, கரண்டி வகைகள், உறிஞ்சுகுழல், தட்டம், கலக்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, மிட்டாய்க் குச்சி, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் படலம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன.

கைப்பைகள் தடிமன் அடிப்படையில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. 2021 செப்டம்பர் 30 முதல் குறைந்தபட்சத் தடிமன் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் உயர்த்தப்பட்டது. மிக மெல்லிய பைகளைப் பொறுக்கி எடுத்து விற்பதால் குப்பை சேகரிப்போருக்குக் கட்டுபடியாவதில்லை. பை கனமானால் ஒரு கிலோ சேர்க்கக் குறைந்த எண்ணிக்கையே போதும். விலை கூடுவதால் கடைக்காரரும் தாராளமாக எடுத்துக் கொடுக்கத் தயங்குவார். இவ்விரு எதிர்பார்ப்புகளே இந்த உயர்வுக்குப் பின்னால் உள்ளன. பல உணவகங்கள் காகிதப் பைக்கு மாறியது இதன் விளைவே. பைக்குள் இருப்பவை மாறவில்லை.

மட்கும் நெகிழிப் பொருள்களுக்குத் தடிமன் வரம்பு பொருந்தாது. அவை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088-க்கு உட்பட்டிருக்க வேண்டும். உற்பத்தியாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும்.

மீறலுக்கான தண்டனை முறையும் இடையில் மாறியது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது, 2023-இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் திருத்தப்பட்டது. 2024 ஏப்ரல் 1 முதல், சிறைத் தண்டனைக்கு மாற்றாக 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படுகிறது.

மத்திய விதிகளைக் காட்டிலும் கடுமையான கட்டுப்பாடுகளை மாநிலங்கள் பிறப்பிக்கலாம். அவ்வாறே பல மாநிலங்கள் முந்திக்கொண்டன. சிக்கிம் 1998-இலேயே நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது. 2016-இல் நுரைநெகிழித் தட்டு, கோப்பைகளையும் விலக்கியது. மகாராஷ்டிரம் 2018 மார்ச்சில் பிறப்பித்த அறிவிக்கையில் உணவகப் பார்சல் டப்பாக்களையும் சேர்த்தது. முதல் மீறலுக்கு 5 ஆயிரம், இரண்டாவதற்கு 10 ஆயிரம் ரூபாய் என அபராதத்தையும் நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை உள்ளது. உணவு பொதியும் நெகிழித் தாள், நெகிழிப் பூச்சுள்ள காகிதத் தட்டு, நெகிழிப் பூச்சுள்ள காகிதக் கோப்பை ஆகியவை மத்தியப் பட்டியலில் இல்லாதவை. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ளவை.

உற்பத்தியாளரின் பொறுப்பு

பயன்பாட்டுக்குப் பிந்தைய கழிவைத் திரும்பப் பெறும் கடமையை, சந்தைக்கு அனுப்பியவர் மீதே சுமத்துவது ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ எனப்படும். இதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2022 பிப்ரவரி 16-இல் வெளியாயின. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகப் பெயர் உரிமையாளர் ஆகியோருடன் இணைய விற்பனைத் தளங்களும் இதன்கீழ் வருகின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. தெருமுனை உணவகம் தன் டப்பாவுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது நடைமுறையில் இதன் பொருள்.

இந்நெறிமுறைகளில் மறுபயன்பாட்டுக்கும் இலக்கு உள்ளது. கடினநெகிழிப் பொதிகளில் 0.9 லிட்டர் முதல் 4.9 லிட்டருக்கு உட்பட்டவற்றில் 2025-26-இல் 10 விழுக்காடும், 2028-29-இல் 25 விழுக்காடும் மீண்டும் பயன்படுத்தப்பட வேண்டும். 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் பொதிகளுக்கு இலக்கு 70 விழுக்காட்டில் தொடங்குகிறது. தண்ணீர்க் கேன்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அளவுகள் இவை எனலாம். ஒருவர் சாப்பிடும் அளவு உணவை அடைக்கும் டப்பா பெரும்பாலும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் கொள்ளளவு உடையது. 900 மில்லிலிட்டருக்குக் கீழே இருப்பதால் அது இலக்குக்குள் வருவதே இல்லை.

கறுப்பு டப்பா எங்கே போகிறது?

பார்சல் டப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனவை. அடிப்புறத்தில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதன் உருகுநிலை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் என்பதால் கொதிக்கும் குழம்பைத் தாங்கும், எடை குறைவு, எண்ணெய் கசியாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், விலையும் மலிவு. உணவகக்காரரின் தேவைகள் அனைத்தையும் ஒரே பொருள் நிறைவு செய்வதால்தான் இதனை அகற்றுவது கடினமாக உள்ளது.

பாலிப்ரொப்பிலீன் மறுசுழற்சிக்கு உகந்த நெகிழிதான். சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. முதலாவது எண்ணெய். குழம்பும் மசாலாவும் படிந்த டப்பா ஈரக் கழிவோடு கலந்து வீசப்பட்டால், அதைக் கழுவி மீட்பதற்கு ஆகும் தண்ணீரும் கூலியும் பொருளின் விலையை மீறிவிடும். காயலான் கடைகளில் நெகிழி எடைக்குத்தான் வாங்கப்படுகிறது. அழுக்கு டப்பாவுக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது நிறம். கறுப்பு நிறமேற்றிய நெகிழியை மறுசுழற்சி செய்தால் கறுப்புப் பொருளையே மீண்டும் வார்க்க முடியும். ஆகவே அதற்கு மதிப்புக் குறைவு. இயந்திரத் தரம்பிரிப்பு உள்ள நாடுகளிலோ, கறுப்பு நிறமியில் உள்ள கரித்துகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால் கருவியின் கண்ணுக்கே அந்த டப்பா தென்படுவதில்லை. மூன்றாவது, மூடியும் டப்பாவும் வெவ்வேறு நெகிழிகளாக இருப்பது. அடிப்பாகம் பாலிப்ரொப்பிலீனாகவும் மூடி வேறு வகையாகவும் இருந்தால் பிரித்தெடுக்கும் வேலை இரட்டிப்பாகும்.

நிறமற்ற டப்பாவுக்கு மாறுவது மட்டுமே இவற்றில் ஒரு தடையை உடனே நீக்கிவிடும். கறுப்பு நிறத்தின் பயன் பெரும்பாலும் தோற்றப் பொலிவோடு நின்றுவிடுகிறது என்பதால், செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றம் இது.

சாஷேக்களின் நிலை இதைவிட மோசம். தக்காளிச் சாறு, மிளகாய்த்தூள், ஊறுகாய் ஆகியவற்றை அடைக்கும் சிறு உறைகளில் நெகிழி, அலுமினியம் முதலியன அடுக்கடுக்காக ஒட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பிரிப்பது கட்டுபடியாகாது. சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகச் சேர்ப்பதே பெரும்பாலும் அவற்றுக்கு எஞ்சும் வழி. அதற்கும் முதலில் யாரேனும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கைகளின்படி, நாட்டில் உருவான நெகிழிக் கழிவு 2019-20-இல் ஏறத்தாழ 34.7 லட்சம் டன், 2020-21-இல் 41.3 லட்சம் டன், 2021-22-இல் 39 லட்சம் டன், 2022-23-இல் 41.4 லட்சம் டன். மாநிலங்கள் தரும் விவரங்களைத் தொகுத்துப் பெறும் எண்கள் இவை.

மாற்றுப் பொருள்கள்: இலை முதல் சக்கை வரை

இந்திய உணவு மரபில் ஒருமுறைப் பயன்பாடு புதியதன்று. வாழையிலை, மந்தாரை இலை, வட மாநிலங்களில் சால மர இலைகளைத் தைத்துச் செய்யும் தட்டும் தொன்னையும், வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் தேநீருக்கான மண்குவளையும் ஒருமுறை பயன்படுத்தி எறியப்பட்டவையே. எறிந்த இடத்தில் அவை மண்ணோடு மண்ணாயின. 2004-இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத், ரயில் நிலையங்களில் மண்குவளையை மீண்டும் அறிமுகப்படுத்தினார். ஆனால் இலையோ மண்ணோ, கசியும் குழம்பை இருசக்கர வாகனத்தின் பின்பெட்டியில் அரை மணி நேரம் குலுங்கவிட்டுக் கொண்டுசேர்ப்பதற்கு ஏற்றதன்று. அமர்ந்து உண்ணும் பந்திக்கும் ஓட்டத்தில் செல்லும் பார்சலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘பழைய முறைக்குத் திரும்பலாம்’ என்று சொல்வதில் பயனில்லை.

நடைமுறையில் பெருகிவரும் மாற்று, கரும்புச் சக்கையால் வார்த்த டப்பா. உலகில் சர்க்கரை உற்பத்தியில் முன்னணியில் உள்ள நாடுகளுள் ஒன்று இந்தியா என்பதால் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. அயோத்தியில் உள்ள ஆலையில் தயாராகும் ‘சக்’ தட்டுகள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. சோறு, ரொட்டி, உலர்ந்த பொரியல் ஆகியவற்றுக்குச் சக்கை டப்பா நன்கு பொருந்தும். எண்ணெயும் நீரும் நிறைந்த குழம்பு நெடுநேரம் இருந்தால் அது ஊறிப்போகும். இதனைத் தடுக்கப் பல நாடுகளில் ஃபுளோரின் கலந்த வேதிப் பூச்சுகள் சேர்க்கப்பட்டன. இயற்கையில் எளிதில் சிதையாத இவ்வேதிப்பொருள்கள் உடல்நலக் கேடு விளைவிப்பவை என்ற கவலையின் பேரில், எண்ணெய்த் தடுப்புக்கான அத்தகைய பூச்சுகள் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்ட் முதல் உணவுப் பொதிகளில் இவற்றுக்கு வரம்பு விதிக்கிறது. சக்கை டப்பா வாங்கும் உணவகம், பூச்சு என்ன என்று கேட்டறிவது இன்றியமையாதது.

காகிதக் கோப்பை பலரும் எண்ணுவதுபோல் வெறும் காகிதமன்று. தேநீர் ஊறாமல் இருக்க அதன் உட்புறத்தில் பாலிஎத்திலீன் போன்ற நெகிழிப் படலம் ஒட்டப்படுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 85 முதல் 90 டிகிரி வரை சூடுள்ள 100 மில்லிலிட்டர் நீரை 15 நிமிடம் காகிதக் கோப்பையில் வைத்திருந்தபோது ஏறத்தாழ 25 ஆயிரம் நுண்நெகிழித் துகள்கள் நீரில் கலந்தன. தமிழ்நாட்டில் இக்கோப்பைகளுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. நெய்யப்படாத பைகள் குறித்து மட்டும் மறுபரிசீலனை செய்யுமாறு கூறியது.

மட்கும் நெகிழி என்ற பெயர் தரும் நம்பிக்கையும் முழுமையானதன்று. சோளமாவு முதலியவற்றிலிருந்து பெறும் இவ்வகை நெகிழிகளுள் பல, ஏறத்தாழ 58 டிகிரி வெப்பம் நீடிக்கும் தொழில்முறை உரக்கூடங்களில் மட்கக்கூடியவை. வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ சாலையோரச் சாக்கடையிலோ அவை நீண்ட காலம் அப்படியே கிடக்கும். சாதாரண நெகிழியைப் போலவே தோற்றமளிப்பதால் மறுசுழற்சிக்குச் செல்லும் குவியலில் கலந்து அதையும் கெடுக்கின்றன. தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடும் அதற்கான உரக்கூடமும் இல்லாத நகரத்தில், மட்கும் டப்பா கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மற்றொரு குப்பையே.

எந்தப் பொருள் சிறந்தது என்ற கேள்விக்கு நேரடி விடை இல்லை என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஒப்பீடு காட்டியது. உற்பத்தியில் செலவாகும் மூலப்பொருள், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டபோது, ஆராயப்பட்ட 12 வகைப் பாதிப்புகளில் ஏழில் ஒருமுறைப் பயன்பாட்டு பாலிப்ரொப்பிலீன் டப்பாவே மிக மோசமானது. அலுமினியப் பெட்டி எஞ்சிய ஐந்தில் மோசம். மிகக் குறைந்த பாதிப்பு உடையதாக வந்ததோ பலராலும் வெறுக்கப்படும் நுரைநெகிழி. அதை வெல்ல வேண்டுமெனில் பாலிப்ரொப்பிலீன் டப்பாவை 3 முதல் 39 முறையும், கனமான மறுபயன்பாட்டு டப்பாவை 16 முதல் 208 முறையும் பயன்படுத்த வேண்டும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. கடலிலும் சாக்கடையிலும் நுரைநெகிழி விளைவிக்கும் கேடு இக்கணக்கில் முழுமையாக அடங்காது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். எனினும் ஒன்று தெளிவு: அலமாரியில் அடுக்கிவைத்து, நான்கைந்து முறைக்குப் பின் தொலைத்துவிடும் கனமான டப்பாவால் பயனில்லை.

கேட்டால் மட்டும் கரண்டி

மாற்றுப் பொருளைத் தேடுவதற்கு முன்பு, தேவையற்றதை அனுப்பாமல் இருப்பதே மலிவான வழி. வீட்டுக்கு வரவழைக்கும் உணவில் வைக்கப்படும் கரண்டி பிரிக்கப்படாமலே குப்பைக்குச் செல்வது நகரவாசிகள் பலரும் அறிந்தது. சொமேட்டோ நிறுவனம் 2021 ஆகஸ்டில் தன் செயலியில் இதற்கான அமைப்பை மாற்றியது. அதற்கு முன் கரண்டி வேண்டாம் என்பவர் அதைக் குறிப்பிட வேண்டும். மாற்றத்துக்குப் பின் வேண்டும் என்பவர் கேட்டுப் பெற வேண்டும்.

இச்சிறு மாற்றத்தின் வலிமையைச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியுள்ளது. அலிபாபா குழுமத்தின் ‘எலமா’ உணவு விநியோகச் செயலி, ஷாங்காய், பெய்ஜிங், தியான்ஜின் ஆகிய நகரங்களில் ‘கரண்டி வேண்டாம்’ என்பதை இயல்பு நிலையாக்கி, அவ்வாறு ஆர்டர் செய்வோருக்கு மரம் நடுவதற்கான பசுமைப் புள்ளிகளையும் வழங்கியது. கரண்டி இல்லாத ஆர்டர்களின் பங்கு 648 விழுக்காடு உயர்ந்தது. நிறுவனத்தின் வணிகம் குறையவில்லை. 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இவ்வாய்வு, நாடு முழுவதும் இம்முறை வந்தால் ஆண்டுக்கு 2,175 கோடி கரண்டித் தொகுப்புகள் மிச்சமாகும் என்று மதிப்பிட்டது. அபராதமும் இல்லை, புதிய பொருளும் இல்லை. திரையில் ஒரு தெரிவின் இடம் மாறியது, அவ்வளவே.

 சாஷே, கூடுதல் சட்னி, வெங்காய உறை ஆகியவற்றையும் கேட்டால் மட்டும் அனுப்பும் பட்டியலில் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மேலும், கரண்டி வேண்டாம் என்று குறிப்பிட்ட பின்னும் அவசர நேரத்தில் பொட்டலம் கட்டுபவர் பழக்கத்தால் அதைப் பைக்குள் போட்டுவிடுவதுண்டு. ஆர்டர் சீட்டில் இக்குறிப்பு பெரிய எழுத்தில் அச்சாவதும், கட்டும் மேசையிலிருந்து கரண்டிப் பெட்டி தள்ளி வைக்கப்படுவதும் விதிகளைவிடப் பயன் தரும்.

விலைச் சீட்டும் இதில் பங்கு வகிக்கிறது. ‘பார்சல் கட்டணம்’ என்று ஒரே தொகை வசூலிக்கப்படும்போது, குறைவாகப் பொதிந்து வாங்குபவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

சொமேட்டோ 2022 ஏப்ரல் முதல், தன் விநியோகத்தில் பயன்படும் நெகிழியின் எடைக்குக் குறையாத கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்வதாக அறிவித்தது. மூன்றாண்டுகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஆர்டர்களை நெகிழியற்ற பொதிகளில் கொண்டுசேர்ப்பதையும் இலக்காக வைத்தது. முதலாவது அறிவிப்பு, எங்கோ கிடக்கும் குப்பையை அகற்ற உதவும். அடுப்படியிலிருந்து கிளம்பும் டப்பாக்களின் எண்ணிக்கையை அது குறைக்காது. இரண்டாவதே மூலத்தைத் தொடுவது.

திரும்பி வரும் பாத்திரம்

உணவு போய், பாத்திரம் திரும்பி வரும் முறைக்கு உலகின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மும்பையில் உள்ளது. 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிய டப்பாவாலா சேவையில், கொரோனா பரவலுக்கு முன் ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் நாள்தோறும் இரண்டு லட்சம் வரையிலான டப்பாக்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுசென்றனர். மாலைக்குள் காலி டப்பா அதே வீட்டுக்குத் திரும்பியது. அதே வீடு, அதே அலுவலகம், அதே நேரம், அதே பாத்திரம் என்பதால் கழிவு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

செயலி வழி விநியோகத்தின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. விநியோகப் பணியாளர் ஓர் உணவகத்தில் பொட்டலத்தைப் பெற்று ஒரு வீட்டில் சேர்த்ததும், அடுத்த ஆர்டருக்காக வேறொரு உணவகத்துக்குச் செல்கிறார். அந்த வீட்டுக்கு அவர் மீண்டும் வருவார் என்பதோ, அவ்வீட்டார் அதே உணவகத்தில் மீண்டும் வாங்குவர் என்பதோ உறுதியில்லை. பாத்திரத்தைத் திரும்பப் பெற வேண்டுமெனில் தனிப் பயணம் வேண்டும். அதற்கு எரிபொருளும் ஊதியமும் வேண்டும். பெற்ற பின் சுடுநீரில் கழுவி, உலர்த்தி, எண்ணி வைக்க இடமும் வேண்டும். திருப்பித் தரும் டப்பா திட்டங்கள் தடுமாறுவது பொருளின் தரத்தால் அன்று, இந்தத் திரும்பும் பயணத்தால்.

ஆகவே இம்முறை வெல்லும் இடங்கள் வேறு: மாதச் சந்தா சாப்பாடு, அலுவலக வளாகங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், ஒரே குடியிருப்பில் நாள்தோறும் ஐம்பது வீடுகளுக்குச் செல்லும் சமையலறைகள். கேரளத்தின் குடும்பஸ்ரீ அமைப்பு 2024 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ‘லஞ்ச் பெல்’ திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. செயலியில் முன்பதிவு செய்யும் அலுவலகப் பணியாளர்களுக்கு எஃகுப் பாத்திரங்களில் மதிய உணவு சென்று, உண்டு முடித்ததும் பாத்திரம் திரும்பப் பெறப்படுகிறது. விழாக்களில் எஃகுத் தட்டு, குவளைகளைப் பயன்படுத்தும் ‘பசுமை நெறிமுறை’ 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போதே அம்மாநிலத்தில் பெரிய அளவில் கையாளப்பட்டது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பல நாள் எரிந்து நகரைப் புகை சூழ்ந்தது, கழிவைத் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அங்கு மேலும் வலுப்படுத்தியது. பெங்களூரில் அதம்ய சேதனா அமைப்பு நடத்தும் ‘தட்டு வங்கி’, விழா நடத்துவோருக்கு எஃகுத் தட்டுகளை வழங்கித் திரும்பப் பெறுகிறது.

வைப்புத்தொகை முறையும் பாத்திரத்தைத் திரும்ப வரவழைக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 மே முதல் நீலகிரி மாவட்ட மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் தந்ததும் திருப்பித் தரும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. காட்டில் உடைந்து கிடந்த கண்ணாடிக்குப் பத்து ரூபாய் விலை வந்ததும் அது கடைக்குத் திரும்பத் தொடங்கியது. டப்பாவுக்கும் இது பொருந்தும். எந்த உணவகத்தில் வாங்கியதையும் எந்த உணவகத்திலும் திருப்பித் தர முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு உணவகங்கள் ஒரே அளவு, ஒரே வகை டப்பாவுக்கு உடன்பட வேண்டும்.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்போ ஐந்துக்கு மேற்பட்ட பணியாளர்களோ உள்ள உணவகங்கள் மறுபயன்பாட்டுப் பாத்திரத்தையும் ஒரு தெரிவாக வழங்க வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர்கள் அதைக் கேட்காத வரை அச்சட்டத்தால் பெரிய மாற்றம் நேரவில்லை. தூபிங்கன் நகரம் வேறு வழியில் சென்றது. அங்கு 2022 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு டப்பா ஒன்றுக்கு 50 சென்ட், கரண்டி ஒன்றுக்கு 20 சென்ட் வரி விதிக்கப்படுகிறது. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இவ்வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி முதல் சொந்தப் பாத்திரம் கொண்டுவருவோருக்கு உணவகங்கள் அதிலேயே உணவு தர வேண்டும். ஓராண்டு கழித்து மறுபயன்பாட்டுப் பாத்திரத்தையும் அளிக்க வேண்டும்.

சொந்தப் பாத்திரத்தில் வாங்குவது இந்திய நகரங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இயல்பாக இருந்தது. சாம்பாருக்குத் தூக்குவாளியும் இட்லிக்கு டிபன் கேரியரும் எடுத்துச் சென்றவர்கள் இன்றும் உள்ளனர். நேரில் சென்று வாங்கும் பார்சலில் இது இப்போதே இயலும். உணவகங்கள் தயங்குவதற்குச் சொல்லும் காரணம் அளவும் சுகாதாரமும். உணவகத்தின் அளவுப் பாத்திரத்தில் அளந்து, வாடிக்கையாளரின் பாத்திரத்தைத் தொடாமல் ஊற்றினால் இவ்விரண்டும் தீரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வந்துவிட்ட டப்பாவின் எதிர்காலம், குப்பைத் தொட்டிக்குச் செல்லும் முன் கழிவறைத் தொட்டியிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ அது பெறும் அரை நிமிட அலசலைப் பொறுத்தது. எண்ணெய் நீங்க அலசி, உலர்த்தி, மூடியைத் தனியே எடுத்து உலர் கழிவில் சேர்த்தால் அதற்கு விலை உண்டு. ஈரக் கழிவையும் உலர் கழிவையும் பிரித்துக் கொடுப்பது 2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் முதலே ஒவ்வொரு வீட்டின் கடமை. எண்ணெய் ஊறிய காகிதப் பையும் சக்கை டப்பாவும் மறுசுழற்சிக்கு ஆகாதவை; பூச்சு இல்லாதவை என்றால் அவற்றைக் கிழித்து ஈரக் கழிவோடு உரமாக்கலாம்.

5 என்று பொறித்த டப்பாவை வீட்டில் மளிகைப் பொருள்கள் வைக்கப் பயன்படுத்தலாம். கீறல் விழுந்த, நிறம் ஏறிய டப்பாவில் சூடான உணவையோ எண்ணெய்ப் பண்டத்தையோ வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. 6 என்ற எண் கொண்ட பாலிஸ்டைரீன் பாத்திரம் கொதிநிலை வெப்பத்திலேயே இளகக்கூடியது. அச்சிட்ட செய்தித்தாளில் உணவு பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் தடை செய்கின்றன. பஜ்ஜி, வடை வாங்கும்போது கவனிக்கப்படாமல் போகும் விதி இது.

தடை செய்யப்பட்ட கரண்டி, உறிஞ்சுகுழல், தட்டு ஆகியவற்றை உணவகமோ கடையோ தொடர்ந்து வழங்கினால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘எஸ்.யு.பி.-சி.பி.சி.பி.’ கைப்பேசிச் செயலியில் புகார் பதிவு செய்யலாம். உள்ளாட்சி அமைப்புகளிடமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடமும் நேரிலும் முறையிடலாம்.